ஹப்ஸ்பர்க் பேரரசு கல்யாணத்தால் வந்தது என்கிறார்களே, எனக்கு ஒப்பவில்லை

செங்காந்தள் எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய அரச குடும்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு லத்தீன் வரியைச் சொல்வார்கள். 'மற்றவர்கள் போர் செய்யட்டும், பாக்கியம் செய்த ஆஸ்திரியாவே, நீ மணம் முடி' என்று. ஆஸ்திரியாவை ஆண்ட ஹப்ஸ்பர்க் குடும்பம் கத்தியைத் தொடாமல் நல்ல இடமாகப் பார்த்துச் சம்பந்தம் செய்து பாதி ஐரோப்பாவைச் சேர்த்துவிட்டது என்பதுதான் எங்கும் சொல்லப்படும் கதை. எனக்கு இது இரண்டு வகையில் தவறாகப் படுகிறது.

முதலாவது, போர் இல்லாமல் ஒன்றும் கிடைக்கவில்லை. 1477 ஜனவரியில் பர்கண்டியின் பிரபு சார்லஸ் (இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பக்கமும் அவர் கையில்தான்) நான்சி போர்க்களத்தில் செத்துப்போகிறார். ஒரே மகள் மேரி, பத்தொன்பது வயது. தகப்பன் செத்த சேதி வந்ததுமே பிரான்ஸ் ராஜா பதினோராம் லூயி அவள் நாட்டுக்குள் படையை அனுப்பிவிட்டார். அவள் ஆகஸ்டில் கெண்ட் நகரத்தில் ஹப்ஸ்பர்க் மாக்சிமிலியனைக் கட்டிக்கொண்டாள், அவருக்குப் பதினெட்டு. கல்யாணம் நடந்தது, சொத்து வந்தது என்று இரண்டு வரியில் முடிக்கிறார்களே, அதற்கப்புறம் மனுஷன் பதினாறு வருஷம் அந்தச் சொத்துக்காக அடித்துக்கொண்டார். 1479-ல் கினகாட்டில் பிரெஞ்சுப் படையோடு சண்டை. 1482-ல் மேரி குதிரையிலிருந்து விழுந்து இறந்ததும் ஊர்க்காரர்களே அவருக்கு எதிராகத் திரும்பினார்கள், 1488-ல் ப்ரூஜ் நகரத்து மக்கள் அவரைப் பிடித்து மாதக்கணக்கில் அடைத்தே வைத்திருந்தார்கள். 1493-ல்தான் ஒரு முடிவுக்கு வந்தது. அப்போதும் பர்கண்டி என்ற பெயருக்குரிய டச்சி (பிரபுவின் சீமை) பிரான்சிடமே நின்றுவிட்டது. பத்திரம் ஒருவர் பேரில் இருக்கும், அனுபவம் இன்னொருவர் கையில் இருக்கும் என்போமே, அதேதான். கல்யாணம் பத்திரத்தைத்தான் கொடுத்தது.

இரண்டாவது, இதற்கெல்லாம் விலை கொடுத்தவர்கள் யார் என்பது. அந்த மேரியின் மகள் மார்கரெட்டைப் பாருங்கள். 1480-ல் பிறந்தவள். சமாதானத்துக்காக மூன்று வயதில் பிரெஞ்சு இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்து அம்புவாஸ் கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள், ஆர்த்வா, பிராஞ்ச் கோந்தே என்று இரண்டு சீமைகள் சீதனம். பிரான்சின் வருங்கால ராணி என்றே வளர்ந்தாள். பதினோரு வயதில், அந்தப் பையன் எட்டாம் ஷார்ல் ராஜாவாகி வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அந்த வேறொருத்தி யாரென்றால் பிரிட்டனி நாட்டு (இன்றைய பிரான்சின் வடமேற்கு மூலை) ஆன், மார்கரெட்டின் அப்பா மாக்சிமிலியனுக்கு ஒரு வருஷம் முன்பு பதிலாள் வைத்து மணம் செய்துவைக்கப்பட்டவள்! ஒரே கல்யாணத்தில் அப்பனுக்குப் பெண்டாட்டி போனாள், மகளுக்குப் புருஷன் போனான். அதிலும் உடனே அனுப்பவில்லை, சீதனத்தைத் திருப்பித் தர மனமில்லாமல் 1493 வரை அந்தப் பெண்ணைப் பிரான்சிலேயே வைத்திருந்தார்கள்.

இதைப் படித்த நாளிலிருந்து அந்த லத்தீன் வரியை யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் கருத்து என்ன?

பழையகணக்கு எழுதியது:

நல்ல பதிவு, ஆனால் பாதிதான் ஒத்துக்கொள்வேன். சொத்து தானாக வந்து விழவில்லை என்பது சரி. அதற்காக அந்தச் சம்பந்தங்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்தவை என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் வக்கீல்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதினார்கள், யாருக்குப் பிள்ளை இல்லாமல் போனால் எது யாருக்கு என்று வரிவரியாக இருக்கும்.

1515 ஜூலை 22, வியன்னா ஸ்டீபன் தேவாலயம். ஹங்கேரி, பொஹிமியா இரண்டுக்கும் ராஜாவான யாகெல்லோன் குடும்பத்து விளாடிஸ்லாவும் மாக்சிமிலியனும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். விளாடிஸ்லாவின் மகன் லூயிக்கு ஒன்பது வயது, அவனுக்கு மாக்சிமிலியனின் பேத்தி மேரி, அவளுக்கும் ஒன்பது. விளாடிஸ்லாவின் மகள் ஆனுக்குப் பதினொன்று, அவளுக்கு மாக்சிமிலியனின் இரண்டு பேரன்களில் ஒருவன். எந்தப் பேரன் என்று முடிவாகவில்லை என்பதால் ஐம்பத்தாறு வயதுத் தாத்தாவே மாப்பிள்ளை இடத்தில் நின்று மணச்சடங்கை முடித்தார். பின்னால் 1521-ல் பேரன் ஃபெர்டினாண்ட் அவளைக் கட்டினார்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒப்பந்தம் இரண்டு பக்கமும் ஓடியது. ஹப்ஸ்பர்க் வம்சம் அற்றுப்போயிருந்தால் ஆஸ்திரியா யாகெல்லோன்களுக்குப் போயிருக்கும். அதாவது இரண்டு பேருமே ஒரே பந்தயம் கட்டினார்கள், ஒருவர் ஜெயித்தார்.

செங்காந்தள் எழுதியது:

நீங்கள் சொல்வதே என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது, பழையகணக்கு. எப்படி ஜெயித்தார்? அந்த லூயிப் பையன் இருபது வயதில், 1526 ஆகஸ்ட் 29 அன்று, ஹங்கேரியின் மொஹாச்சில் ஒட்டோமான் துருக்கியர் படையிடம் தோற்று ஓடும்போது இறந்தான். பிள்ளை இல்லை. அதனால்தான் ஃபெர்டினாண்ட் பொஹிமியாவுக்கும் ஹங்கேரிக்கும் ராஜா. ஹங்கேரியிலும் பத்திரம்தான் முழுசாகக் கிடைத்தது, நாட்டின் நடுப்பகுதி ஒன்றரை நூற்றாண்டு துருக்கியர் கையில் இருந்தது.

ஸ்பெயின் கதையும் சாவுக் கணக்குதான். 1496-97-ல் ஸ்பெயினோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ஸ்பெயின் இளவரசி ஹுவானா கப்பலில் ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) வந்து மார்கரெட்டின் அண்ணன் ஃபிலிப்பைக் கட்டினாள். திரும்பிப் போன கப்பல்களில் மார்கரெட் போய் ஹுவானாவின் அண்ணன் ஹுவானைக் கட்டினாள். அவன்தான் ஸ்பெயினின் ஒரே ஆண் வாரிசு, ஹுவானா ஆட்சிக்கு வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. ஹுவான் ஆறு மாதத்தில் இறந்தான், மார்கரெட் வயிற்றிலிருந்த பிள்ளையும் தங்கவில்லை. அடுத்த வாரிசு மூத்த அக்கா இசபெல், போர்த்துகல் ராணி. 1498-ல் பிரசவத்தில் போனாள். அவள் பெற்ற மிகேல் 1500-ல், இரண்டு வயதுகூட நிரம்பாமல் போனான். இத்தனை பேர் போனதற்கப்புறம்தான் ஹுவானா. அவள் மகன்தான் ஐந்தாம் சார்லஸ் பேரரசர்.

அந்த ஹுவானாவுக்கு என்ன கிடைத்தது? முதலில் அப்பா, பிறகு மகன் என்று இரண்டு பேருமாக டோர்டெசியாஸில் அவளை அடைத்து வைத்தார்கள். 1509-ல் உள்ளே போனவள் 1555-ல் பிணமாகத்தான் வெளியே வந்தாள். பெயருக்கு ராணி அவள்தான்.

தறிநாடா எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு ஒரு சந்தேகம். பதிலாள் வைத்துக் கல்யாணம் என்கிறீர்களே, அது எப்படிச் செல்லும்? மாப்பிள்ளை இல்லாமல் தாலி கட்டுகிற மாதிரிதானே அது?

பழையகணக்கு எழுதியது:

தறிநாடா, சர்ச் சட்டப்படி கல்யாணத்துக்கு அடிப்படை இருவரின் சம்மதம். அந்தச் சம்மதத்தை அதிகாரம் பெற்ற தூதர் மூலம் சொல்லலாம். ஆனால் கூடி வாழாத வரை அந்தக் கல்யாணத்தை உடைக்க வழி இருந்தது, அதனால் அதைக் கொஞ்சமாவது கெட்டியாக்கச் சில சடங்குகள். 1490 டிசம்பரில் ரென் நகரத்தில் பிரிட்டனி ஆனுக்கு நடந்தது இப்படித்தான். அவளுக்கு அப்போது பதின்மூன்று. அவளைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். மாக்சிமிலியனின் தூதர் போல்ஹைம் சாட்சிகள் முன்னால் ஒரு காலின் உடுப்பை மட்டும் கழற்றி, அந்த வெறுங்காலை முழங்கால் வரை மணப்பெண்ணின் போர்வைக்குள் வைத்து எடுத்தார். முடிந்தது கல்யாணம்.

மறுவருஷம் பிரெஞ்சுப் படை ரென் நகரத்தை முற்றுகை போட்டபோது அந்தக் கால் ஒன்றுக்கும் உதவவில்லை. மாக்சிமிலியன் உதவிக்கு வரவும் முடியவில்லை. அவள் ஷார்லைக் கட்டிக்கொண்டாள்.

கூடல்மாடம் எழுதியது:

செங்காந்தள், உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் வியன்னாவில் பத்து வருஷமாக இருக்கிறேன். இங்கே கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் வெலாஸ்கஸ் வரைந்த ஒரு சின்னப் பெண்ணின் மூன்று படங்கள் இருக்கின்றன. ஸ்பெயின் ராஜா நான்காம் ஃபிலிப்பின் மகள் மார்கரிட்டா. முதல் படத்தில் இரண்டு மூன்று வயது இருக்கும், ரோஜா நிற உடுப்பு, ஒரு கை மேசைமேல், இன்னொரு கையில் மடக்கிய விசிறி, பக்கத்தில் கண்ணாடிக் குவளையில் பூ. அடுத்ததில் வெள்ளை உடுப்பு, ஐந்து வயது. மூன்றாவதில் எட்டு வயது, நீலப் பட்டு, கதவில் நுழைய முடியாத அகலத்துக்குப் பாவாடை, கையில் மென்மயிர்க் கையுறைப் பை. உடுப்பு பெரிதாகிக்கொண்டே போகிறது, முகத்தில் அதே பார்வை.

மாட்ரிட்டில் வரைந்தவை இங்கே எப்படி வந்தன? வியன்னாவில் இருந்த, பின்னால் பேரரசரான ஹப்ஸ்பர்க் லியோபோல்டுக்கு அவளை நிச்சயம் செய்ய எண்ணியிருந்தார்கள், பெண் எப்படி வளர்கிறாள் என்று காட்ட அனுப்பியவை. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. நீலப் படத்தின் முன்னால் அவளோடு நின்றபோது, 'இவளுக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. 1666-ல் பதினைந்து வயதில் இங்கே வந்து சேர்ந்தாள், நான்கு பிள்ளை பெற்றாள், ஒன்றுதான் பிழைத்தது, 1673-ல் இருபத்தொரு வயதில் இறந்துபோனாள்.

உறவுமுறையைச் சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை. அவளுடைய அம்மா லியோபோல்டின் கூடப்பிறந்த அக்கா. அவளுடைய அப்பா லியோபோல்டின் அம்மாவுக்கு அண்ணன். ஆக அக்கா மகளும் அவள்தான், மாமன் மகளும் அவள்தான்.

நெல்வயல் எழுதியது:

கூடல்மாடம் சொன்ன இடத்திலிருந்து தொடர்கிறேன், நான் படித்தது மரபியல். தமிழில் இந்த உறவுகளுக்குத் தனித்தனிப் பெயர் இருப்பதால் நமக்கு இது சட்டென்று புரியும்.

ஐந்தாம் சார்லஸின் மகன் இரண்டாம் ஃபிலிப் முதலில் கட்டியது போர்த்துகல் மரியா மனுவேலாவை. இரண்டு வீட்டிலும் அதற்கு முந்தைய தலைமுறையில் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்ததால் அவள் மாமன் மகளும் அத்தை மகளுமாக இருந்தாள். அவர்கள் மகன் தோன் கார்லோஸுக்குக் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு பேர்தான். நான்காவதாக ஃபிலிப் கட்டியது தங்கை மகள் ஆனாவை. பேரன் நான்காம் ஃபிலிப் இரண்டாவதாகக் கட்டியதும் தங்கை மகள் மரியானாவை, அதுவும் தன் மகனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண். மகன் 1646-ல் பதினாறு வயதில் இறந்துவிட்டதால் அப்பாவே கட்டிக்கொண்டார்.

ஒரு தலைமுறையில் நெருங்கிய உறவில் கட்டுவது வேறு, அதே நான்கைந்து வீட்டுக்குள் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிச் சுற்றிக் கட்டுவது வேறு. அந்த மரியானாவின் மகன், மார்கரிட்டாவின் தம்பி, இரண்டாம் கார்லோஸ். 2009-ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது அவருடைய உட்கலப்புக் குணகம் (பெற்றோர் எவ்வளவு நெருங்கிய உறவு என்று காட்டும் எண்) 0.254 வந்தது. அண்ணன் தங்கைக்குப் பிள்ளை பிறந்தால் வரக்கூடியதே 0.25 தான். ஸ்பெயினில் வம்சத்தைத் தொடங்கிய முதலாம் ஃபிலிப்புக்கு (ஹுவானாவின் கணவர்) 0.025. அதே ஆய்வில் இன்னொரு கணக்கு: 1527 முதல் 1661 வரை அந்த அரண்மனையில் பிறந்த 34 பிள்ளைகளில் 10 பேர் ஒரு வயதுக்குள், 17 பேர் பத்து வயதுக்குள் போய்விட்டார்கள். அரண்மனைச் சாப்பாடு, அரண்மனை வைத்தியர், எல்லாம் இருந்தும்.

போப்பாண்டவரின் விலக்கு வாங்கினால்தான் இப்படிக் கட்ட முடியும், கேட்கும்போதெல்லாம் கிடைத்தது. வெளியே கட்டலாமே என்றால் கத்தோலிக்கராக இருக்க வேண்டும், அந்தஸ்தும் சமமாக இருக்க வேண்டும், சொத்து வெளியே போய்விடவும் கூடாது. மூன்றும் சேர்ந்தால் மிஞ்சியது சொந்த வீடுதான்.

வெண்சங்கு எழுதியது:

சீதனத்தைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லையே. இந்தக் கல்யாணங்களில் பாதிச் சண்டை அதில்தான்.

ஹுவானாவின் தங்கை காதரின். 1501-ல் இங்கிலாந்து இளவரசன் ஆர்தரைக் கட்டினாள், ஐந்து மாதத்தில் அவன் இறந்துவிட்டான். சீதனம் இரண்டு லட்சம் கிரவுன், பாதிதான் கொடுத்திருந்தார்கள். மாமனார் ஏழாம் ஹென்றி மீதியைக் கேட்டார், அவள் அப்பா, ஸ்பெயின் ராஜா ஃபெர்டினாண்ட், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார். நடுவில் மாட்டிக்கொண்டவள் பதினாறு வயது விதவை. ஏழு வருஷம் லண்டனில் கிடந்தாள். வேலைக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் சாப்பிடவும் தன் வெள்ளித் தட்டுகளை விற்றாள், அந்தத் தட்டுகளே சீதனத்தின் மீதிக் கணக்கில் சேர வேண்டியவை. அப்பாவுக்கு அவள் எழுதிய கடிதங்களைப் படித்தால் மனசு ஆறாது.

அப்புறம் நம் பக்கத்து விஷயம் ஒன்று. பம்பாய்த் தீவு போர்த்துகல் இளவரசி காதரின் பிரகான்சா 1662-ல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸைக் கட்டியபோது கொடுத்த சீதனத்தில் ஒரு பங்கு. தீவை வாங்கிக்கொள்ள வந்த ஆப்ரஹாம் ஷிப்மனிடம் கோவாவின் போர்த்துகீசியர்கள் பத்திரம் சரியில்லை என்று சொல்லித் தர மறுத்துவிட்டார்கள். அவர் கோவாவுக்குத் தெற்கே அஞ்சுதீவு என்ற சின்னத் தீவில் காத்திருந்தே நோயில் செத்தார், கூட வந்த சிப்பாய்களில் பெரும்பாலானவர்களும் அங்கேயே போனார்கள். 1665-ல்தான் கைமாறியது. அதை வைத்துக்கொள்ளச் செலவு கட்டுப்படியாகாமல் 1668-ல் ராஜா வருஷத்துக்குப் பத்துப் பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். செங்காந்தள் சொன்ன பத்திரம், அனுபவம் கணக்கு இதற்கும் அப்படியே பொருந்தும்.

பழையகணக்கு எழுதியது:

சீதனம் என்றதும் ஞாபகம் வருகிறது, மிகப் பெரிய விளைவை உண்டாக்கியது கொடுக்காத சீதனம்தான். 1659-ல் பிரான்சும் ஸ்பெயினும் பிதசோவா ஆற்றின் நடுவிலிருக்கும் ஃபெசண்ட் தீவில் சமாதானம் பேசி முடித்தன. மறுவருஷம் நான்காம் ஃபிலிப்பின் மூத்த மகள் மரியா தெரேசாவை பதினான்காம் லூயிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஸ்பெயின் சிம்மாசனத்தில் எனக்கோ என் பிள்ளைகளுக்கோ உரிமையில்லை என்று அவள் எழுதிக்கொடுத்தாள், ஆனால் ஐந்து லட்சம் பொன் எக்யூ சீதனம் கொடுத்தால்தான் அது செல்லும் என்று பிரெஞ்சுத் தரப்பு ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டது. ஸ்பெயின் கஜானாவில் அவ்வளவு பணம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

பணம் வரவில்லை. 1700 நவம்பர் 1 அன்று இரண்டாம் கார்லோஸ் பிள்ளையில்லாமல் இறந்தார். கூடல்மாடம் சொன்ன மார்கரிட்டாவின் பேரன், பவேரியாவின் யோசஃப் ஃபெர்டினாண்ட், அவனைத்தான் முதலில் வாரிசாக எழுதியிருந்தார்கள். அவன் 1699-ல் ஆறு வயதில் போய்விட்டான். கடைசி உயிலில் எல்லாம் மரியா தெரேசாவின் பேரனுக்கு. பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல் ஐரோப்பாவே அடித்துக்கொண்டது. இன்றைக்கு ஸ்பெயினில் இருக்கும் ஆறாம் ஃபெலிப்பே அந்தப் பேரனின் வழிதான், பிரெஞ்சு ராஜாக்களின் பூர்போன் குடும்பம்.

சரி செங்காந்தள், சாவு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறேன். ஒப்பந்தம் எழுதியவர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள், யார் எப்போது போவார்கள் என்பது மட்டும் அவர்கள் கையில் இல்லை.

தறிநாடா எழுதியது:

அப்படியென்றால் இந்தச் சம்பந்தங்களால் ஒரு சண்டைகூட நிற்கவில்லையா? முதல் உலகப் போரில் எதிரெதிரே நின்ற ராஜாக்களும் சொந்தக்காரர்கள்தானே?

நெல்வயல் எழுதியது:

ஆமாம். ஜெர்மனியின் இரண்டாம் வில்ஹெல்ம் இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜுக்கு அத்தை மகன். ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸ் ஜார்ஜுக்குச் சித்தி மகன், நம் முறைப்படி தம்பி. 1914 ஜூலைக் கடைசியில் வில்ஹெல்மும் நிக்கோலஸும் செல்லப்பெயர் போட்டே தந்தி அனுப்பிக்கொண்டார்கள், போர் நிற்கவில்லை. அதற்குள் முடிவெடுக்கும் இடம் அரண்மனையை விட்டுத் தளபதிகள், மந்திரிகள் பக்கம் போய்விட்டது. 1917-ல் நிக்கோலஸ் குடும்பத்துக்கு இங்கிலாந்தில் இடம் தரலாம் என்று முதலில் சொன்னதைத் தன் சிம்மாசனத்துக்கு ஆபத்து என்று பயந்து தடுத்தவர் ஜார்ஜேதான்.

செங்காந்தள் எழுதியது:

தறிநாடா, நின்ற சண்டை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. அதுவும் என் மார்கரெட் நிறுத்தியதுதான்.

1497-ல் ஸ்பெயினுக்குக் கப்பலில் போகும்போது பெரும்புயலில் மாட்டிக்கொண்டாள், வயது பதினேழு. பிழைக்க மாட்டோம் என்று நினைத்துத் தன் கல்லறைக்கு இரண்டு வரி எழுதினாள்: இங்கே கிடக்கிறாள் மார்கோ, இரண்டு கணவர்கள் இருந்தும் கன்னியாகவே இறந்தவள். பிழைத்தாள். ஹுவான் போன பிறகு 1501-ல் சவாய் பிரபு பிலிபெரைக் கட்டினாள், மனம் ஒத்து வாழ்ந்தார்கள், 1504-ல் அவரும் போய்விட்டார். இருபத்துநான்கு வயது. அதற்குமேல் அவள் யாரையும் கட்டவில்லை. ஏழாம் ஹென்றி கேட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். 1507 முதல் அப்பாவுக்காக நெதர்லாந்தை ஆண்டாள், அண்ணன் பிள்ளைகளை மெக்கலனில் வைத்து வளர்த்தாள், அதில் ஒரு பையன்தான் பேரரசர் ஐந்தாம் சார்லஸ்.

இப்போது சொந்தத்தைப் பாருங்கள். பிலிபெரின் அக்கா சவாய் லூயிஸ், பிரான்ஸ் ராஜா முதலாம் ஃபிரான்சிஸின் அம்மா. அதாவது மார்கரெட்டுக்கு நாத்தனார். அதுமட்டுமில்லை, மூன்று வயதில் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட மார்கரெட் அங்கே வளர்ந்தபோது கூட வளர்ந்த பெண் அவள். சார்லஸும் ஃபிரான்சிஸும் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டு, ஃபிரான்சிஸின் இரண்டு சின்னப் பையன்கள் ஸ்பெயினில் பிணையாகக் கிடந்தபோது, ராஜாக்கள் நேரில் பேச முடியாத நிலை. 1529 ஜூலையில் இந்த இரண்டு பெண்களும் காம்ப்ரேயில் அடுத்தடுத்த வீடுகளில் தங்கினார்கள். நடுவில் ஒரு வழி போட்டு, வெளியே தெரியாமல் போய்வந்து பேசினார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒப்பந்தம் ஆனது. பெண்களின் சமாதானம் என்றுதான் அதற்குப் பெயர். மறுவருஷம் பையன்கள் வீடு திரும்பினார்கள்.

அந்த ஒப்பந்தத்திலும் ஒரு கல்யாணம் இருந்தது. மார்கரெட் வளர்த்த எலியனோர், போர்த்துகல் ராஜாவின் விதவை, ஃபிரான்சிஸுக்கு. அதை அவளே பேசி முடித்தாள் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 1530 டிசம்பர் 1 அன்று மார்கரெட் இறந்தாள். பிலிபெருக்காகக் கட்டிய ப்ரூ மடாலயத்தில், அவருக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்கச் சொல்லியிருந்தாள், அங்கேதான் இருக்கிறாள்.